நீலச் சட்டைக்காரர்கள்

நாலாவது ஆளை இவர் எந்த வருஷம் சேர்த்தார்? கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்திலா, அதற்கும் முந்தியா? மூன்றாவது ஆள் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, கையில் பொரி உருண்டையோடு ஒரு குள்ளமான ஆசாமி கதைக்குள் நுழைந்துவிட்டார். அதுவரை இரண்டு பேர்தான். நிஜத்தில் வந்ததும் இரண்டே பேர்தான்.

தனம் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, பட்டுப்புடவையின் கொசுவத்தைச் சரிசெய்தபடி இதை யோசித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. பட்டு கட்டுவதற்கு வீட்டில் எந்த விசேஷமும் இல்லை. கூடத்தில் மகள் ஆர்த்தி நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. சென்னையில் வேலை பார்க்கிறவள், இந்த முறை வரும்போது பை நிறைய சாமான்களோடு வந்திருந்தாள். வட்டமாக எரியும் விளக்கு, போனை நிறுத்தி வைக்க மூன்று கால் ஸ்டாண்டு, துணியில் குத்திக்கொள்ளும் சின்ன மைக்குகள். அடுத்த மாதம் அவளுக்கும் மாறனுக்கும் கல்யாணம். வரவேற்பன்று மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை கட்டி, அதில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நடித்த காமெடியைப் போடப்போகிறாளாம். மாறன் வீட்டில் எல்லோரும் தமாஷ் பேர்வழிகள். அவர்கள் பங்குக்கு ஒன்றை ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டார்களாம்.

காமெடி என்றால் இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். பரசுராமனுக்கும் தனத்துக்கும் கல்யாணமாகி ஐந்தாம் மாதம், கார்த்திகை தீபத்தன்று, கிரிவலக் கூட்டத்தில் தனம் புருஷனைத் தொலைத்த கதை. இருபத்தாறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பரசுராமன் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு தங்கும் விடுதியில் மேனேஜர். பாஷை தெரியாத வெள்ளைக்காரர்களிடம்கூடக் கையைக் காலை ஆட்டியே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். அவரைக் கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். அவள் அரசுத் தேர்வுக்குப் படித்த இரண்டு வருஷமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். நாலு பேர் கூடிய இடத்தில் அந்த நாலு பேரும் சிரிக்காமல் இருந்தால் மட்டும் அவருக்குத் தாங்காது.

சிரிப்பு விஷயத்தில் அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று ஊர். பரசுராமனுக்கு யாராவது அடிவாங்க வேண்டும். ஏணியோடு திரும்புகிறவன், அந்த ஏணி பட்டுச் சாக்கடையில் விழுகிறவன், விழுந்தவனைத் தூக்கப்போய்த் தானும் விழுகிறவன். விழுகிற இடத்துக்கு மட்டும் வீடியோவை விரலால் பின்னுக்கு இழுத்து இழுத்துப் பார்ப்பார். ஆர்த்திக்குப் பிடித்தது, யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்து நின்றுகொண்டு, பாதி இங்கிலீஷில் தன் ஆபீஸைப் பற்றியும் மேனேஜரைப் பற்றியும் அலுத்துக்கொள்வது. அதைப் போட்டுக் காட்டினால் பரசுராமன் புரிந்தது மாதிரி ஒரு விநாடி தாமதமாகச் சிரிப்பார். தனத்துக்குப் பிடித்ததை அவர்கள் இருவரும் காமெடி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஆபீஸில் பக்கத்து மேஜை அருணாதேவி ஒருநாள் சாப்பாட்டு வேளையில் காட்டியது அது. ரேஷன் கடை வரிசையில் இரண்டு பெரியவர்கள். "நீங்க முன்னாடி போங்க" என்கிறார் ஒருவர். "சே, சே, நீங்கதான் மொதல்ல வந்தீங்க" என்கிறார் மற்றவர். இப்படியே மாறி மாறி வழிவிட்டுக் கடை மூடிவிடுகிறது. இருவரும் மூடிய ஷட்டரைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். தனத்துக்குப் புரையேறி, அருணாதேவி தலையில் தட்டவேண்டி வந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் காட்டியபோது பரசுராமன் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல காமெடி எங்க வருது? யாருமே அடி வாங்கலையே" என்றார்.

"அம்மா, ரெடியா? வெளிச்சம் போயிடப் போகுது" என்று ஆர்த்தி குரல் கொடுத்தாள்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பரசுராமன் புதிதாக வாங்கிய நீலச் சட்டையில், தலைமுடிக்கு மை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆர்த்தி அம்மாவின் தோள் மடிப்பில் மைக்கைக் குத்தினாள். அதன் உச்சியில் கரும்பஞ்சு உருண்டை. "அப்பா கதையச் சொல்லிட்டே வருவாரு. மைக்ல அறிவிப்பு சொல்றவரு பேரு கேக்கற எடத்துல நிறுத்துவாரு. அப்ப நீ தலைப்ப வாய்ல வெச்சுக்கினு, 'அது எப்படிங்க சொல்றது?'னு சொல்லணும். இத்தினி நாளா அப்பாதான் உன் வாய்ஸுல பேசறாரு. நீயே பேசினா செம்மையா இருக்கும்மா."

"ஜாஸ்தி வெட்கப்படணும், ஆமா" என்றார் பரசுராமன். "நீ இப்ப சீனியர் அசிஸ்டென்ட் இல்ல. சேத்துப்பட்டுப் பக்கத்துப் பட்டிக்காட்டுப் பொண்ணு."

ஆர்த்தி சிரித்துக்கொண்டே போனைத் தொட்டாள். பரசுராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கல்யாணம் ஆயி அஞ்சே மாசம். நான் முன்னாடி போறேன், இவ பின்னாடி வரா. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். சரி, எங்க போயிடப் போறான்னு நான் பாட்டுக்குச் சுண்டல் வாங்கினேன். அப்ப மைக்ல கேக்குது. 'தனம்னு ஒரு பொண்ணு இங்க அழுதுக்கினு கீது, வூட்டுக்காரர் எங்க இருந்தாலும் வரவும்.' வூட்டுக்காரர்னா யாரு? பேரு வேணும்ல? மைக்காரரு கேக்கறாரு. 'ஏம்மா, உன் வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?'"

நிறுத்தி, அவள் பக்கம் கையைக் காட்டினார். தனம் அந்தக் கையையே பார்த்தாள்.

"பரவால்லப்பா, நீ மேல போ. அம்மா பிட்ட அப்பறம் தனியா எடுத்து ஒட்டிக்கறேன்" என்றாள் ஆர்த்தி.

பரசுராமன் போனார். அவர் குரலில் தனம் "நீலச் சட்டை போட்டிருப்பாருங்க" என்றாள். மைக்காரர் "நீலச் சட்டை போட்ட புருஷன் ஒடனே வரவும்" என்று ஊருக்கே அறிவித்தார். முதலில் ஒரு கிழவர் வந்து, "எங் கிழவியத்தான் தேடறேன், இது கொஞ்சம் சின்னதா இருக்குதே" என்றார். இரண்டாமவர் வந்தார். பொரி உருண்டைக்காரர் வந்து, "எம் பொண்டாட்டி வூட்லதான் கீறா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். கடைசியாகப் பச்சைச் சட்டையில் ஒருவர் ஓடிவந்து மூச்சு வாங்கினார். "சார், நீலம் ரூம்ல கீது. மாத்திக்கினு வரட்டுமா?"

தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை தடவை கேட்டாலும் அந்தப் பச்சைச் சட்டைக்காரரிடம் அவளுக்கு வந்துவிடும். அந்தக் கதையில் அவளைச் சிரிக்க வைத்தவர், நிஜத்தில் வராத அவர் ஒருவர்தான். இத்தனை வருஷம் எல்லோரும் அவள் மொத்தக் கதைக்கும் சிரிப்பதாக நினைத்துக்கொண்டதற்கு அவரும் ஒரு காரணம்.

"நான் எங்க இருந்தேன்னு கேளுங்க" என்று பரசுராமன் குரலைத் தாழ்த்தினார். இதுதான் எல்லோரும் தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கும் இடம். "அந்த மைக் கொட்டாய்க்குப் பின்னாலதான். டீ குடிச்சுக்கினு எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தேன். தீபத்தப் பாத்து, கன்னத்துல போட்டுக்கினு, பொறுமையாப் போய் இட்டுக்கினு வந்தேன்."

கொட்டகைக்குத் தகரச் சுவர். அதன் உள்பக்கம் அன்று தனம் நின்றிருந்தாள். "எங்கயும் போகாத, அப்பதான் உன் ஆளு கண்டுபிடிப்பாரு" என்று சொல்லியிருந்தார்கள். தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால், சாப்பிடும்போது ஏதோ எதிர்த்துப் பேசினாள் என்று, "ஜாஸ்தி பேசினா தீபக் கூட்டத்துல உட்டுட்டு வந்துடுவேன்" என்று இவர் சொல்லியிருந்தார். மாமியார், கொழுந்தனார், நாத்தனார் எல்லோரும் சிரித்தார்கள். வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இவர் பேச்சில் எது விளையாட்டு, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு இன்னும் தெரியவில்லை. முதல் நீலச் சட்டைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாமவர் வந்து போனார். வெளிச்சம் மங்க மங்க, விட்டுவிட்டுத்தான் போய்விட்டார் என்று அவளுக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. தனியாக ஊருக்குப் போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். அப்புறம் மைக்காரரிடம் போய்ப் பேரைச் சொன்னாள். முதல் தடவை சத்தம் வரவில்லை. காதைக் கொடுத்து "இன்னாம்மா?" என்றார் அவர். மறுபடி சொன்னாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு தேயும் என்று சொல்லித்தான் அம்மா வளர்த்திருந்தாள். பரசுராமன், பரசுராமன், பரசுராமன் என்று மூன்று முறை மைக்கில் போயிற்று. அவர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் மலையைப் பார்த்து ஊரே அரோகரா என்று எழுந்தது. அவளுக்கு முன்னால் தகரம் மட்டும் இருந்தது.

மறுநாள் வீட்டில் முதல் தடவையாக அவர் இந்தக் கதையைச் சொன்னபோது, அந்த இடமும் இருந்தது. "கடைசில மைக்ல எம் பேரையே கூப்பிட வெச்சுட்டா" என்றார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை சொன்னபோது அந்த வரி இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அது மட்டும் திரும்பி வரவேயில்லை.

இப்போது வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில், திங்கட்கிழமைகளில் மனு கொடுக்க வரும் வயசான பெண்கள், கணவர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். தனம் இரண்டாவது தடவை கேட்பதில்லை. கையை நீட்டி ரேஷன் கார்டை வாங்கி, பார்த்து எழுதிக்கொள்வாள். அந்தக் கார்டுகளின் ஓரம் கை வியர்வையில் நைந்திருக்கும்.

"சூப்பர்ப்பா" என்றாள் ஆர்த்தி. போனை அம்மாவின் பக்கம் திருப்பினாள். "இப்ப நீ மட்டும். தலைப்ப எடும்மா."

தனம் வட்ட விளக்கைப் பார்த்தாள். திரையில் ஒருமுறை ஏறிவிட்டால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். இதுவரை அது இவர் சொன்ன கதை. இனி அவளே சொன்ன கதை.

"மூணே வார்த்தைடி" என்றார் பரசுராமன். "எழுதி ஒட்டட்டுமா?"

"அன்னிக்கு நான் பேரச் சொன்னேன்" என்றாள் தனம்.

"எந்தப் பேரும்மா?" என்றாள் ஆர்த்தி.

"உங்கப்பா பேர. மைக்காரர் காதுல ரெண்டு தடவ சொன்னேன். அவரு மூணு தடவ மைக்ல சொன்னாரு."

ஆர்த்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது பதிலுக்கு எடுத்துவிடுவார், இதுவும் ஒரு தமாஷாக முடிந்துவிடும் என்று காத்திருப்பவள் போலப் பாதிச் சிரிப்போடு இருந்தாள். பரசுராமன் நீலச் சட்டையின் மேல் பொத்தானைத் தடவினார்.

"சொன்னது நெஜந்தான்" என்றார். "அத வெச்சா கதை நிக்காதுமா. அங்க வந்து படுத்துடும்."

"உனக்குக் கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு. தீபம் ஏத்தற நேரம். இதோ ஏத்திடுவாங்க, பாத்துட்டுப் போயிடலாம்னு..." அவர் முடிக்கவில்லை. தனத்தின் பக்கம் பார்க்கவுமில்லை. "இவ்ளோ வருஷமா ஒண்ணும் சொன்னதில்லையே இவ."

மைக் இதையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆர்த்தி வந்து அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மடியில் கை வைத்தாள். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா. நீயும் சிரிப்பியே, அதான்." அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா அவங்க வீட்ல எல்லாரும் இதுக்காகவே காத்துக்கினு இருக்காங்கம்மா. மாறன் அவங்க அம்மாகிட்ட பாதிக் கதைய சொல்லியே வெச்சுட்டான். காமெடிதானம்மா, யாரு நெஜம் பொய் பாக்கப் போறாங்க? எனக்காக ஒரே ஒரு தடவ சொல்லிடு."

மகளின் நெற்றியில் வியர்த்து முடி ஒட்டியிருந்தது. தனம் அதை விலக்கிவிட்டாள். சொல்லிவிடலாம். மூன்று வார்த்தைதான். இவள் கேட்டு எதை இல்லை என்றிருக்கிறோம் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"கல்யாணத்துல நீ எங்க நிக்கச் சொல்றியோ அங்க நிக்கறேன்" என்றாள். "எத்தினி போட்டோ வேணும்னாலும் எடுத்துக்கோ. உங்கப்பா கதையையும் போட்டுக்கோ, நான் வேணாங்கல. என் வாயால மட்டும் இதச் சொல்லமாட்டேன்."

"அம்மா..."

"இல்லடா."

குரல் உயரவில்லை. அவளே தோளுக்குக் கையைக் கொண்டுபோய், பார்க்காமலே மைக்கின் கவ்வியைத் தடவி அழுத்தினாள். அது விட்டுக்கொடுத்தது. மைக்கை மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். பட்டில் கவ்வி கடித்திருந்த இடம் சின்னக் குழியாக அமுங்கிக் கிடந்தது. தனம் கட்டைவிரலால் அதை நீவினாள். நூல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது.