இடதுபக்க இண்டிகேட்டர்

…இல்லை, துருப்பிடித்த போல்ட்டுக்கென்று ஒரு சுபாவம் இருக்கிறது, கெஞ்சினால் அசையாது, திட்டினாலும் அசையாது, போதும்டா சாமி என்று ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு மூக்கைச் சொறியும்போதுதான் லேசாக முனகும், எங்கள் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் தருகிற பெரியவரும் இதே வார்ப்பு, கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்… காத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில், என் வயதுக்காரர்கள் போர்வைக்குள் இருக்கும் நேரத்தில், ஒரு கிழட்டுக் காரின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன், துரு கண்ணில் விழுகிறது, கால்சட்டைப் பையிலிருக்கும் சாவி இடுப்பில் குத்துகிறது, எடுத்து வெளியே வைக்கலாம், வைத்தால் அப்பா கண்ணில் படும், படட்டுமே, அதற்குத்தானே இத்தனையும்… வேண்டாம், முதலில் வண்டி நேராக நிற்கட்டும், அப்புறம் சாவியைப் போகிறபோக்கில் சும்மா கொடுப்பதுபோலக் கொடுக்க வேண்டும், அவரும் சும்மா வாங்குவதுபோல வாங்கிக்கொள்வார், எங்கள் வீட்டில் பெரிய காரியங்கள் எல்லாம் சும்மாதான் நடக்கும்.

பின்பக்க இடது சக்கரத்தை வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கை வளைந்துவிட்டது, பட்டறையில் ஆர்ம் என்பார்கள், அது வளைந்ததால் சக்கரம் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல ஒருக்களித்து நிற்கிறது. அப்பா டிரைவிங் மாஸ்டர். இந்த ஊரில் ஒழுங்காக ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள், ஒழுங்கில்லாமல் ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரும் அவரிடம் கற்றவர்கள்தான், அதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. அப்பேர்ப்பட்டவர், அம்மா காய்ச்சலில் படுத்திருந்த அன்று தனியாக ரொட்டி வாங்கக் காரில் போனவர், ரொட்டியோடு நடந்து வந்தார். "முனையில நிக்குது. திரும்பறப்ப பிளாட்பாரத்துல ஏறிடுச்சு. நீ போய் எடுத்துட்டு வா." அவ்வளவுதான், சாவியை என் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டு ரொட்டியை அறுக்கப் போனார், அன்றிலிருந்து பஸ். முதுகுவலி என்று சொல்லி வண்டியில் வகுப்பும் எடுப்பதில்லை, பலகைக்கு முன்னால் நின்று சாலைக் குறியீடு மட்டும் நடத்துகிறார். ஒருநாள் அதே பஸ்ஸில் நான் பின்னால் நின்றிருந்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பஸ் வேகமெடுக்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டிருந்தது… அதைப் பார்த்த பிறகு ஒரு பிள்ளை என்ன செய்ய முடியும், ஸ்பேனர் வாங்கத்தான் முடியும். பட்டறைக்கு அனுப்பலாமே என்றால் பட்டறைக்காரர் அப்பாவின் மாணவர், "மாஸ்டர், இடது பக்கம் திரும்பறப்ப பின்சக்கரம் உள்ள வெட்டும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்று அவர் கேட்கமாட்டார், நல்ல மனிதர், கேட்காமல் பார்ப்பார், அதுதான் தாங்காது. ஆகவே நான். மேசை விசிறியைப் பிரித்துத் திரும்பச் சேர்த்தபோது மூன்று திருகுகளை மிச்சம் பிடித்த நான்.

கழன்றுவிட்டது… என்னால்தானா, அதுவாகவேதானா, கேட்கக்கூடாது. வளைந்த கையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுச் சக்கர விளிம்பைத் துணியால் துடைக்கிறேன், இதென்ன, ஒரு சிராய்ப்பு, பக்கத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, பழசு, துருவேறிப்போனது, புதிதாகப் பிளாட்பாரத்தில் ஏறியது இவற்றுக்கெல்லாம் கடைசித் தம்பி… முன்பக்க இடது சக்கரத்துக்கும் இதே கதி, வலது பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டு சக்கரமும் கல்யாண மாப்பிள்ளைபோல் பளபளவென்று இருக்கின்றன. என்ன ஓரவஞ்சனை. இந்த ஊர்ப் பிளாட்பாரம் எல்லாம் இடது பக்கத்தில்தானே இருக்கிறது, வேறென்ன, என்று நானே சொல்லி நானே கேட்டுக்கொண்டேன், இண்டிகேட்டர் ஓயாமல் எரிந்தும் இவ்வளவு சிராய்ப்பா… இண்டிகேட்டர் என்றால் அம்மா. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, மாஸ்டர் மனைவிக்கே தெரியவில்லையே என்று யாராவது கேட்டால் சமையல்காரர் வீட்டில் எல்லோரும் குண்டாகவா இருக்கிறார்கள் என்பாள், ஆனால் முன்சீட்டில் ஏறிவிட்டால் வாய் ஓயாது, ஏங்க இடது பக்கம் சைக்கிள், இடது பக்கம் ஒரு அம்மா குடை பிடிச்சுட்டு வர்றாங்க, இடது பக்கம் பள்ளம், அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார். பின்சீட்டில் நானும் அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம், இண்டிகேட்டர் என்று பெயர் வைத்தது அக்கா, இடது மட்டும்தான் எரியுது, வலது பல்ப் ஃபியூஸ் போயிடுச்சு என்று சேர்த்தது நான், அக்கா கல்யாணமாகிப் போன பிறகும் போனில் முதல் கேள்வி அதுதான், இண்டிகேட்டர் எப்படிடா இருக்கு. ஒன்று மட்டும் புரிந்ததேயில்லை, பாடம் படிக்க வருகிறவனின் மாமா பின்னாலிருந்து வாயைத் திறந்தாலே வண்டியை ஓரங்கட்டி இறக்கிவிடுகிற அப்பா, அம்மாவிடம் ஒருதரம்கூட, சும்மா இரு, என்று சொன்னதில்லை.

வாசலில் செருப்புச் சத்தம், அப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறார், யாரோ ஒருவருடைய வண்டியைப் பார்ப்பதுபோல. "முன்சக்கரத்துக்குக் கட்டை வச்சியா?" வைத்தேன். "ஜாக்கிய மட்டும் நம்பி உள்ள போயிடாத. ஸ்டாண்டு?" வைத்தேன். "ம்." எதிர்வீட்டு மாமா பல்குச்சியோடு கதவோரம் வந்து நிற்கிறார், என்ன மாஸ்டர், வண்டிக்கு ஆபரேஷனா, டாக்டர் பாஸ் பண்ணிட்டாரா என்கிறார், "படிச்சிட்டிருக்கான், பேஷண்ட் பொழைச்சா பாஸ்" என்கிறார் அப்பா, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அவர் இந்த வண்டியின் பக்கத்தில் நின்று சிரித்து எத்தனை நாளாகிறது… சந்தோஷத்தில் அந்தப் பெரிய ஸ்பேனரை இதைக் கொஞ்சம் பிடிங்கப்பா என்று நீட்டினேன், அவர் வாங்கவில்லை, நேராகப் பார்த்தபடி நிற்கிறார், கை வலித்தது, அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன், சரி, வண்டிச் சாமான் எதையும் தொடமாட்டேன் என்று விரதம்போல, கோபமா, என்மேலா, வண்டிமேலா, பிளாட்பாரத்தின்மேலா… ஸ்பேனரைத் தரையில் வைத்தேன், அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவர் முழுத்தலையையும் திருப்பிப் பார்த்தார்.

உதிரிபாகக் கடையில் புதுக் கை கிடைக்கவில்லை, "இந்த வண்டிக்கா, கம்பெனியே மறந்திருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு வேறொரு வண்டியில் கழற்றிய கையை எடுத்து, இரண்டு முனையிலும் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் வளையம், புஷ் என்பார்கள், புதிதாக அடித்துக் கொடுத்தார்கள், அது இப்போது கிழவருக்கு வைத்த பல்செட் மாதிரி அழகாகப் போய் உட்கார்ந்துவிட்டது, போல்ட்டைச் செருகி, நட்டைப் போட்டு, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் திரட்டி முறுக்கி முடித்தேன், முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் பார்த்த வீடியோவில் முகம் காட்டாமல் கையை மட்டும் காட்டுகிற அந்த இருமல்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாரே, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்காதே, வண்டி தரையில் நின்று, ஆட்கள் ஏறி, வழக்கமான பாரத்தில் அமுங்கியிருக்கும்போதுதான் கடைசி முறுக்கு, இல்லாவிட்டால் ரப்பர் திருகியபடியே இறுகிப்போகும், சீக்கிரம் கிழியும். தளர்த்தினேன், மறுபடி கெஞ்சல், மறுபடி திட்டு. பின்சக்கரங்களுக்கடியில் தடிப் பலகைகளை வைத்து வண்டியை இறக்கினேன், நான் நுழைய இடம் இருக்கிறது, பாரம்தான் இல்லை. "நாலு மூட்டை மணல் ஏத்தினா ஆச்சு" என்றார் அப்பா. ஆச்சுதான், நிஜமாகவே ஆகும், ஆனால் அந்த நொடியில் எனக்குள் ஒரு குரங்கு எழுந்து உட்கார்ந்தது. மணலெல்லாம் ஆகாதுப்பா, வழக்கமா உக்கார்றவங்க வழக்கமான எடத்துல உக்காரணும், ரப்பர் அந்தப் பாரத்தைத்தான் ஞாபகம் வச்சுக்கும் என்றேன், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். ரப்பருக்கு ஞாபகசக்தியாம். அப்பா என்னையே பார்த்தார், நான் நட்டைப் பார்த்தேன், அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பையன் கேக்கறான்ல, உக்காருங்க, ஓட்டவா சொல்றான் என்றாள், இடது பக்கக் கதவு திறந்து மூடியது, ரொம்ப நேரம் கழித்து வலது பக்கக் கதவும்.

என் முகத்துக்கு மேலே வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அமுங்குகிறது, இரண்டு பேருடைய பாரம், நான் அடியில், வசதியாகத்தான் இருக்கிறது, சின்ன வயதில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வதுபோல. ஸ்பேனரைப் பொருத்தினேன், ஜன்னல் திறந்திருக்கிறது, குரல்கள் இறங்கி வருகின்றன.

"சீட்ட யாரு இவ்வளவு பின்னால தள்ளினது?"

"உங்க பையன்தான். கால் மட்டும் வளந்திருக்கு."

ஸ்டீயரிங் லேசாகக் கிரீச்சிடுகிறது, பிடித்துவிட்டார், பிடித்துவிட்டார்… ஒரு முறுக்கு, இன்னொன்று, நட்டு இறுகிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்சம்தான், அப்புறம் சாவி, சும்மா, போகிறபோக்கில். அம்மா குரலைத் தணித்துச் சொன்னாள்: "இடது பக்கம் மதில்மேல பூனை." சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன், வண்டி நிற்கிறது, இஞ்சின் ஓடவில்லை, இண்டிகேட்டர் எரிகிறது. அப்பாவின் "ம்" வரும் என்று காத்திருந்தேன்.

"எந்தப் பூனை?"

"அந்தச் சாம்பல் பூனைதான், பின்வீட்டுது."

"என்ன பண்ணுது?"

"உங்களத்தான் பாத்துட்டிருக்கு."

"நான் அதப் பாக்கலைன்னு தெரியுமா அதுக்கு?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

ஸ்பேனர் நின்றுவிட்டது, நான்தான் நிறுத்தினேனா… "இடது கண்ணாடியாவது தெரியுதா?" என்று அம்மா கேட்கிறாள், "இருக்கா அது? ஒடைஞ்சிருக்கும்னு நெனைச்சேன்" என்கிறார், "இருக்கு, நல்லாதான் இருக்கு, கழுத்த இன்னும் கொஞ்சம் திருப்புங்க", "திருப்பினா என் மூக்கு வரைக்கும்தான் தெரியுது", இரண்டு பேரும் மெல்லச் சிரிக்கிறார்கள், இந்தச் சிரிப்பு புதிதல்ல, பழகிய சிரிப்பு, எத்தனை நாளாகச் சிரிக்கிறார்கள் இதை. "பையனுக்கு?" என்றார் அப்பா. "அவனுக்கு என்ன தெரியும், ஸ்பேனரையே இப்பதான் பிடிக்கறான்."

எனக்கு என்ன தெரியும்… சாப்பிடும்போது அம்மா அவருடைய தண்ணீர் டம்ளரை எப்போதும் வலது பக்கம் வைப்பது தெரியும், நான் இடது பக்கம் வைத்த அன்று அது கவிழ்ந்து மேசையெல்லாம் நனைந்து நாங்கள் சிரித்தது தெரியும், தெருவில் நடக்கும்போது அம்மா அவருக்கு இடது பக்கமாகவே ஒட்டி நடப்பது தெரியும், இந்த வயசுல என்ன கொஞ்சல் என்று அக்கா கிண்டல் செய்ததும் தெரியும். காலையில் ஸ்பேனரை எந்தப் பக்கமிருந்து நீட்டினேன்… வலது பல்ப் ஃபியூஸ் போகவில்லை, வலது பக்கம் அவருக்கே தெரிந்தது, அதனால் எரியத் தேவையில்லை, இவ்வளவுதான் விஷயம், ஒரு கூட்டல் கணக்கு, பின்சீட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இரண்டு மேதாவிகளுக்கு விடை வரவில்லை. காய்ச்சலில் அம்மா படுத்திருந்த அந்த ஒருநாள்தான் அவர் தனியாகப் போனார், ரொட்டிக்கு, அவளுக்கு வேறெதுவும் இறங்காது என்பதால்… அப்புறம் அவரே சாவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார், யாரும் கேட்காமல், அதை நான் பெரிய மனதோடு திரும்ப அவர் கையில் கொடுப்பதற்காகக் காலையிலிருந்து துருவைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

"டேய், முடிஞ்சுதா?"

முடிந்துவிட்டது, ஸ்பேனரை வைத்து ஒருதரம் அழுத்திப் பார்க்கிறேன், அசையவில்லை, இதைவிட ஒழுங்காக இந்த ஊரில் யாரும் முறுக்கியிருக்க முடியாது. "சத்தத்தையே காணோமே" என்கிறார், குரலில் ஒரு துள்ளல், வகுப்புக்குக் கிளம்பும் காலைகளில் கேட்கும் அதே துள்ளல், ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் அசைகிறது, "சாவியக் குடு. முனை வரைக்கும் போயிட்டு வரேன், சத்தம் வருதான்னு பாத்துடலாம்." காலையிலிருந்து இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்… "நானும் வர்றேன்" என்றாள் அம்மா உடனே, கைகூடக் காயாமல். சாவி இடுப்பில் குத்துகிறது. முனை வரைக்கும்தானே, அம்மா பக்கத்தில் இருக்கிறாள், இத்தனை வருஷம் ஓட்டவில்லையா இரண்டு பேருமாக, ஒரு சிராய்ப்பு, இரண்டு சிராய்ப்பு, சக்கரம்தானே… எல்லா நாளும் சக்கரமாகவே இருக்குமா. இல்லையென்று சொன்னால் ஏனென்று கேட்பார், ஏனென்று சொன்னால் அந்தச் சிரிப்பை மறுபடி அவர்களால் சிரிக்க முடியுமா. "இன்னும் கொஞ்சம்ப்பா, அப்படியே உக்காந்திருங்க" என்றேன், இறுகிய நட்டின்மேல் ஸ்பேனரைச் சும்மா வைத்துக்கொண்டு.

"பூனை இருக்கா இன்னும்?" அப்பா மெல்லக் கேட்டார்.

"காணோங்க. குதிச்சிடுச்சு போல. எங்க போச்சுன்னு தெரியல."

எனக்குத் தெரிந்தது. நான் கிடந்த இடத்திலிருந்து நான்கு சாம்பல் நிறக் கால்கள் தெரிந்தன, கதவுக்குக் கீழே, அம்மாவின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பூனை முன்சக்கரத்தை முகர்ந்துகொண்டு நின்றது. சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது.

"இடது பக்கம்ப்பா. முன்சக்கரத்துகிட்ட நிக்குது."

ஸ்டீயரிங் அசையவில்லை, அம்மாவின் வளையல் அசையவில்லை, பூனை மட்டும் நிதானமாக ஒரு காலைத் தூக்கி நக்கிக்கொண்டது. என் கை பைக்குள் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தது, எடுக்கவா, இருக்கட்டுமென்றா, அதற்கே தெரியவில்லை. மேலேயிருந்து அப்பா சொன்னார்:

"ம்."