சுவரில் ஒட்டிய பீரங்கி மேடைகள்

இம்மாகுலேற்றின் கோடைகால உழைப்பு முழுவதும் சில பிலிம் சுருள்களுக்குள் இருந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் ஆய்வு செய்துகொண்டிருந்தவள் அவள். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை பிடித்து வைத்திருந்த ஜேர்சித் தீவுக்குப் போய், கடலைப் பார்த்தபடி அவர்கள் கட்டிவிட்டுப் போன பீரங்கி மேடைகளை மழையிலும் காற்றிலும் நின்று அளந்து, படமெடுத்து வந்திருந்தாள். சுருள்களை ஈஸ்ட் ஹாமில் பரமேஸ்வரனின் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தாள். திரும்ப வாங்கிய கவரைத் திறந்தால் கேக் வெட்டும் ஒரு குழந்தையும், அதற்கு ஊட்டிவிட வரிசையில் நிற்கும் சொந்தக்காரர்களும்.

"மாறிப் போச்சுது போல, தங்கச்சி," என்றார் பரமேஸ்வரன், தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே. "இது கணேசலிங்கம் அண்ணையின்ர பேரப்பிள்ளையின்ர பேர்த்டே. உங்கட படம் அவரிட்டைப் போயிருக்கும். இண்டைக்கு ஹோலில நிப்பார்."

"திங்கக்கிழமை நான் பேராசிரியருக்குக் காட்டவேணும், அண்ணை!"

"அவர் நல்ல மனுசன். தருவார்."

ஹோல் என்று எல்லாரும் சொல்லும் தமிழர் பொது மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஊரில், இலங்கையில், நடந்துகொண்டிருந்த போரைப் பற்றியது. உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவர் நிறைய அவளுடைய பீரங்கி மேடைகள். கீழே தடித்த எழுத்தில், 'காங்கேசன்துறை இராணுவக் காவலரண்கள்.'

கண்காட்சியை நடத்திய கணேசலிங்கத்தைத் தேடிப் பிடித்தாள்.

"அண்ணை, இது ஜேர்சி. நான் எடுத்த படங்கள். ஐம்பது வருசத்துக்கு முந்தி ஜேர்மன்காரன் கட்டினது."

"உங்களுக்குத் தெரியாது, பிள்ளை. ஊரிலயிருந்து ஆரோ ரகசியமா அனுப்பியிருக்கினம்."

"பேர்த்டே படத்துக்குப் பதிலாவோ?"

அவர் வாய் திறக்குமுன், பார்க்க வந்திருந்த ஒருவர் குறுக்கே வந்தார். "நான் கண்டிருக்கிறன், தங்கச்சி. லைற்ஹவுசுக்குப் பக்கத்தில. இந்த வெடிப்புக்கூட எனக்கு ஞாபகம்."

அந்த வெடிப்பை மண்டியிட்டு அளந்தவளே அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு படங்களை உற்றுப் பார்த்தாள். அளவு தெரிவதற்காக ஒவ்வொரு படத்திலும் ஒரு சிவப்பு வெள்ளைக் கோலை நிறுத்தியிருந்தாள். ஒரு கோலையும் காணவில்லை.

"கோல் எங்கை, அண்ணை?"

"வடிவில்லையெண்டு கத்தரிச்சுப் போட்டம்."

கோல் இல்லாவிட்டால் அது ஆய்வுப் படமில்லை, விடுமுறைக்குப் போனவன் எடுத்த படம். ஒன்றின் ஓரத்தில் மட்டும் கோலைப் பிடித்த கை மிஞ்சியிருந்தது. மணிக்கட்டில் சதுர மணிக்கூடு. இம்மாகுலேற் தன் கையை அதனருகே நீட்டினாள். அதே மணிக்கூடு. காற்றில் கோல் சாயாமல் ஒரு கையால் பிடித்தபடி அவளே எடுத்த படம் அது.

கணேசலிங்கம் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஊரிலயிருந்து கடிதமே ஒழுங்கா வருகுதில்லை, பிள்ளை. சனத்துக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

மன்னாரில் அக்காவின் வீடு நிற்கிறதா, இல்லையா என்று அவளுக்கே தெரியாது. கோபம் தணியவில்லை. ஆனால் அதை இந்த மனிதர் தலையில் கொட்டவும் மனம் வரவில்லை.

"நெகட்டிவையாவது தாங்கோ."

கோட்டுப் பையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன, கோலோடு. அவளுக்கு மூச்சு வந்தது. திரும்பப் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம்.

"சுவரில இருக்கிறது இருக்கட்டும், அண்ணை. ஆனா கீழ எழுதினதை மாத்துங்கோ. இதில பொய் எழுதினா, நாளைக்கு உண்மைப் படம் வந்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"ஓம் பிள்ளை, நியாயம். இப்பவே மாத்திறன்."

கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள், ஒரு நப்பாசையில் திரும்பிப் பார்த்தாள். கணேசலிங்கம் 'காங்கேசன்துறை'யை வெட்டிவிட்டு, மேலே பக்கத்து ஊரான 'பலாலி'யை எழுதிக்கொண்டிருந்தார்.

"ஓமோம், பலாலிதான்," என்று வெடிப்பு ஞாபகம் என்ற அதே ஆள் பக்கத்தில் நின்று தலையாட்டினார். "இப்பதான் வடிவா ஞாபகம் வருகுது."

இம்மாகுலேற் கோட்டைக் கழற்றினாள். ஒரு கதிரையைச் சுவரோடு இழுத்துப் போட்டு ஏறினாள். யார் கூப்பிட்டதற்கும் திரும்பாமல் படங்களை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கத் தொடங்கினாள்.