அடித்து எழுதிய பெயர்

விவாகரத்து முடிந்து ஏழு வாரம். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவனுக்குத் தலையில் ஆபரேஷன். அதற்குள் உயிலை மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவனல்ல, அண்ணன்.

"பழசுல எல்லாம் அந்த மகாராணி பேருலதானே இருக்கு? நாளைக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பெட்டியோட போனவ பத்திரத்தோட வந்து நிப்பாடா குட்டி."

வக்கீலிடம் நேரம் வாங்கியது அண்ணன். காரில் கூட்டிவந்தது அண்ணன். சாட்சிக்கென்று தன் கடை ஆட்கள் இரண்டு பேரையும் ஏற்றி வந்திருந்தான்.

வக்கீலம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, எழுதியிருப்பதை உரியவர் வாயாலேயே படிக்கச் சொல்வார்.

"கூடப் பொறந்தவன்மா நான். எனக்கென்ன ரகசியம்?"

"கூடப் பொறந்தவங்களுக்குன்னே வெளியில நல்ல நாற்காலியா போட்டிருக்கேன் சார்."

கதவு சாத்தப்பட்டது. அவன் படித்தான். வீடு மகளுக்கு. அவளுக்கு இப்போது ஒன்பது வயது. இருபத்தொன்று ஆகும்வரை நிர்வாகம் அண்ணன் கையில். அடுத்தது ஆஸ்பத்திரிக்கான தாள். 'நான் பேச முடியாத நிலையில் இருந்தால், சிகிச்சையைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று என் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்...'

அடுத்து இருந்த அண்ணன் பெயரில் வந்து நின்றுவிட்டான்.

"படிங்க தம்பி."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் கடை ஆட்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் காற்றில் ஒரு சுவரை இடித்தான். ஒரு ஷட்டரை ஏற்றி இறக்கினான். விரலில் இவன் வீட்டுச் சாவி சுற்றிக்கொண்டிருந்தது.

போன வாரம் டாக்டரிடம் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "மெஷின்ல அதிகபட்சம் எத்தனை நாள் வைப்பீங்க?" பதற்றத்தில் கேட்கிறான் என்றுதான் அன்று நினைத்தான்.

"பழசுல இந்த இடத்துல யார் பேரு?"

"உங்க வீட்டம்மா... அதாவது, அவங்க பேருதான். இப்பவும் போடலாம். பிரிஞ்சவங்களைப் போடக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல."

பதினோரு வருடம் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். ஒருமுறை அவன் மேல் இஸ்திரிப் பெட்டியையே வீசியிருக்கிறாள். ஆனால் மூன்று டாக்டர்கள் வெறும் தலைவலி என்று அனுப்பிவைத்தபோது, ஸ்கேன் எடுக்காமல் நகரமாட்டேன் என்று கவுண்டர் முன்னால் உட்கார்ந்தவளும் அவள்தான். விவாகரத்து மனு கொடுத்த பிறகு.

"ஒரு வார்த்தை அவங்ககிட்ட போன்ல கேட்டுடுங்களேன்."

"போன் அண்ணன்கிட்ட இருக்கு."

வக்கீலம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை நீட்டினார்.

இரண்டு தாளிலும் அண்ணன் பெயரை அடித்தான். அவள் பெயரை எழுதினான். எழுத்து நேராகத்தான் வந்தது.

வக்கீலம்மா தாள்களை வெள்ளைக் காகிதத்தால் மூடி, அடியில் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, தாளுக்கு முக்காடு போட்டிருக்கீங்க?"

"இவங்க ரெண்டு பேரும் கையெழுத்துக்குத்தான் சாட்சி. கதைக்கு இல்ல."

அண்ணன் சிரித்தான். அவன் கையெழுத்துப் போட்டதும், கடை ஆட்களும் வக்கீலம்மா காட்டிய இடத்தில் போட்டார்கள். உயில் இரும்புப் பெட்டிக்குள் போனது. ஆஸ்பத்திரித் தாளை உறையிலிட்டு ஒட்டி, அவன் கையில் வைத்து அழுத்தினார்.

"அங்க ஒரிஜினல்தான் கேப்பாங்க, நகல் செல்லாது. உங்க கையாலயே குடுங்க."

கடை ஆட்களை வழியில் இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரி பக்கம் காரைத் திருப்பினான் அண்ணன். கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன.

"குடு, அட்மிஷன்ல நானே குடுத்துக்கறேன்."

"பரவால்லண்ணா. நானே..."

"குட்டி." தூங்கும் பிள்ளையிடமிருந்து பொம்மையை எடுப்பதுபோல, அவன் மடியிலிருந்து உறையை எடுத்துக்கொண்டான்.

சிக்னலில் கார் நின்றது. அண்ணன் உறையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன பசை போட்டு ஒட்டியிருக்கு அந்தம்மா!" என்றபடி, ஓரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.