மேல் நிலத்துக்குப் பெரிய மணி

நிக்கானோர் ஸ்பெயினுக்குப் போய் மூன்று விதைப்பு ஆகிவிட்டது. அங்கே தக்காளித் தோட்டத்தில் வேலை. ஊரில், சிம்பொராசோ மலைச்சரிவில் இருந்த இரண்டு துண்டு நிலத்தையும் மனைவி தெல்ஃபினாவே பார்த்துக்கொண்டாள். இந்த அறுவடைக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தான்.

அந்த நம்பிக்கையில்தான் விதை பார்லியைச் சலித்தாள். சல்லடையில் தங்கிய பெரிய மணிகள் மேல் நிலத்துக்கு மட்டுமே போதுமாயிருந்தன. கீழே விழுந்த சின்ன மணிகளைக் கீழ் நிலத்துக்கு வைத்துக்கொண்டாள். நாத்தனார் செல்மிரா பார்த்துச் சிரித்தாள்.

"மண்ணுக்குள்ள போயிட்டா பெருசென்ன, சிறுசென்ன அண்ணி? நீங்க சலிச்சு முடிக்கிறதுக்குள்ள அண்ணனே வந்துரும்."

"வரட்டுமே. அதுக்குத்தானே சலிக்கிறேன்."

ஈரம் தேடி விதையை ஆழமாகவே போட்டாள். பதினெட்டு நாள் மழை இல்லை. பெரிய மணிக்குள் மண்ணை முட்டி மேலே வருமளவு மாவு இருந்தது; மேல் நிலம் ஒரே சீராகப் பச்சை கட்டியது. கீழ் நிலத்தில் பாதி விதை வெளியே வரவேயில்லை. வந்தவையும் நூல் மாதிரி நின்றன.

ஞாயிறுதோறும் நிக்கானோர் கூப்பிடுவான். பயிர் எவ்வளவு உயரம் என்று கேட்பான். முழங்கால், பிறகு இடுப்பு என்று அவள் சொல்வாள். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்க மாட்டானா என்றிருக்கும்.

பிறகு மழை பிடித்தது. இடம் தாராளமாகக் கிடைத்ததில் கீழ் நிலத்துப் பயிரும் தூர் கட்டி ஓரளவு தேறியது.

கதிர் பழுத்த வாரம் அவன் கூப்பிட்டு, அங்கே தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, இப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றான்.

"மேல் நிலத்துக் கதிரு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"கதிரு நல்லாத்தாங்க இருக்கு. நான்தான் நல்லா இல்லை."

"எனக்கும் அப்படித்தான், தெல்ஃபி. கேட்டா அழுதுருவியோன்னுதான் பயிரையே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"கேளுங்க. அழுதா அழுதுட்டுப் போறேன்."

செல்மிராவும் அவளும் சேர்ந்தே அறுத்தார்கள். மேல் நிலத்தில் பத்து மூட்டை, கீழ் நிலத்தில் ஏழு. நிக்கானோர் இன்னும் வரவில்லை. ஆனால் போன் வந்தால் முதலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிறான். அவளும் ஒளிக்காமல் சொல்கிறாள்.