பார்வை நேரம்

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் அவள் தன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்று கிடைத்துவிட்டது. மற்றது யாருடைய காலணிக்கு அடியிலோ.

"அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கொழுந்தன் ஓடி வந்தான்.

"நூலகத்துக்கு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கூடத்தில் அண்ணன் வெள்ளைத் துணிக்குள் கிடக்க, அண்ணி புத்தகம் எடுக்கப் போகிறாளா என்ற பார்வை.

"இன்னிக்குப் புதன்கிழமை. நாலு மணிக்கு அந்தப் பொண்ணு காத்துட்டிருக்கும்."

"அந்த ஜெயில்காரி பொண்ணா? அண்ணன் வெளியூர் போயிருக்காருன்னு போன்ல சொல்லிடலாம் அண்ணி. பச்சப்புள்ள."

"அதோட அம்மா விஷயத்துலயும் அப்படித்தான் சொன்னாங்க."

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் பள்ளிவிட்டு வந்த குழந்தையிடம், அம்மா வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சித்தி சொன்னாள். எட்டு மாதம் அது நம்பியது. கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று வகுப்பில் வைத்துப் போட்டு உடைத்தது. அதற்குப் பிறகுதான், சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குத் துணை தேடித்தரும் அமைப்பு ஒன்று, ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக்கான இவள் கணவரை அதனோடு சேர்த்துவிட்டது. வாரம் ஒன்றரை மணி நேரம், கணக்கும் கதையும். "பேச்சுத்துணைக்கு உங்களையா பிடிச்சாங்க? வீட்டுல வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று இவள் கிண்டல் செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுவார். வரமுடியாத வாரத்தைக் குழந்தையிடம் முன்கூட்டியே நேரில்தான் சொல்லவேண்டும் என்பது அமைப்பின் நிபந்தனை. அவருக்கு அது புதிதில்லை. லிப்டில் மாட்டிக்கொண்டவரிடம் 'இதோ அஞ்சு நிமிஷம்' என்று மட்டும் சொல்லக்கூடாது, ஒரு மணி நேரம் ஆகுமென்றால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பார்.

"நாலு பேர் என்ன பேசுவாங்க அண்ணி?"

"பேசட்டும். அவரை எடுக்க வண்டி ஆறு மணிக்குத்தானே, வந்துடறேன்." மற்றச் செருப்பும் அகப்பட்டுவிட்டது.

தெருவில் கடைகள் திறந்திருந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. விடியற்காலையில் குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்ததிலிருந்து மனசு மரத்துப்போயிருந்தது. எல்லோருக்கும் செய்தி சொன்னது கொழுந்தன்தான். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து இன்னும் வரவில்லை.

சிறுவர் பகுதியில், குட்டை மேசைக்கு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது. பத்து வயதிருக்கும். பிறந்தநாளுக்கு ஒருமுறை கேக் கொண்டுபோய்க் கொடுத்தவளை அதற்கு நினைவிருந்தது.

"அத்தை? மாமா வரலையா?"

அவள் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாமா காலையில செத்துட்டாரும்மா. நெஞ்சுவலி. இனிமே வரமாட்டாரு. உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அது நோட்டை மூடியது. பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தது.

"இப்ப எங்க இருக்காரு?"

"வீட்டுல."

"பார்க்க விடுவாங்களா?"

"விடுவாங்க."

"எவ்வளவு நேரம்?"

மாதம் ஒருமுறை, இருபது நிமிடம், சிறையில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை.

"ஆறு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள நீ போதும்னு சொல்றவரைக்கும்."

அது நம்பாமல் அவளைப் பார்த்தது. அவள் அதன் சித்திக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள் சித்தி.

வீட்டு வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. படியேறிய பெண் கதவருகில் நின்றது. பையைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தது. பாவாடைப் பையிலிருந்து ரப்பர், ஷார்ப்னர், இரண்டு கொண்டை ஊசி, பாதி தின்ற மிட்டாய் எல்லாவற்றையும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தது. பிறகு கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கதவை மறித்து நின்ற கொழுந்தனுக்கு முன்னால் அசையாமல் நின்றது.

"என்னம்மா இது?" என்றான் அவன்.

"சோதிக்கணும்ல," என்றது அது.

அவன் தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தான்.

அவள் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து ரப்பருக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றாள்.