மாமனாருக்கு ஏற்ற ஸ்பிரிங்

பட்டறைக்காரரை எல்லோரும் மௌனி என்றுதான் கூப்பிடுவார்கள். அது கேலிக்கு வைத்த பெயர். வாயில் ஒரு நட்டைக் கவ்விக்கொண்டிருந்தாலும் பேச்சை நிறுத்தாத மனிதர் அவர்.

“இதப் போட்டீங்கன்னா வண்டி ரெண்டு அங்குலம் தூக்கி நிக்கும். பாறை அடியில தட்டாது. பின்னாடி எவ்வளவு பாரம் ஏத்தினாலும் தொங்காது. யோசிக்கவே வேண்டாம்” என்றார், தரையில் கிடந்த கனமான ஸ்பிரிங் பட்டைகளைக் காலால் தட்டி.

பம்புக்காரர் யோசித்தார். மலைத் தோட்டங்களில் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது அவர் தொழில். வாரம் முழுக்க ஜீப்பின் பின்பக்கம் மோட்டாரும் இரும்புக் குழாயுமாக நிறைந்திருக்கும். அதற்கு மௌனி சொன்னதுதான் சரி. ஆனால் இந்த முறை அவர் மனதில் இருந்த பாரம் வேறு. அது பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, ஏதோ ஒரு பக்திப் பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அவருடைய மாமனார். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆகி எட்டு மாதம். மலை உச்சியில் அவருடைய அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். தம்பியைப் பார்க்கவேண்டும் என்று ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். போன மாதம் இதே ஜீப்பில் கூட்டிப்போக முயன்று, குலுக்கலில் வலி தாங்காமல் பாதியிலேயே திரும்பி வந்தார்கள். மாமனார் இரண்டு நாள் கட்டிலை விட்டு எழவில்லை. “இன்னொரு தடவ எங்கப்பாவ அந்த வண்டியில ஏத்தினீங்கன்னா, நீங்களும் அதுலயே குடியிருந்துக்கோங்க” என்று மனைவி சொல்லிவிட்டாள். அண்ணனுக்கோ காலம் அதிகமில்லை. சரியான ஸ்பிரிங் அமையாவிட்டால் அந்த இருவரும் இனி பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

“பெரிசாவே போடுங்க மாப்பிள்ளை. எனக்காகப் பாக்காதீங்க” என்றார் மாமனார்.

அருகில் உயர்த்திக் கட்டிய வேறொரு வண்டி நின்றது. அவர் எழுந்து போய் அதன் கைப்பிடியைப் பற்றி, உடம்பை இழுத்து உள்ளே ஏறிக் காட்டினார். “ஏறிட்டேன் பாருங்க.” சிரிப்பு முகத்தில் இருந்தது, ரத்தம்தான் இல்லை.

பம்புக்காரர் மௌனியிடம் திரும்பினார். “உயரம் வேண்டாம்ணே. பழைய உயரமே இருக்கட்டும். ஷாக் அப்சார்பர் மட்டும் அந்தத் திருகு வெச்சது போடுங்க. இறுக்கத்தக் கூட்டிக் குறைச்சுப் பாத்துக்கலாம்.”

மதியத்துக்குள் வேலை முடிந்தது. பட்டறைக்குப் பின்னால் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய சந்து ஒன்று இருந்தது. மலைப்பாதைக்கு அது தம்பி மாதிரி. மாமனாரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினார்.

“எப்படி மாமா?”

“மெத்தை மாதிரி இருக்கு.”

ஆனால் பள்ளம் வந்த இடத்தில் முணுமுணுப்பு அறுந்ததை மாப்பிள்ளையின் காது கவனித்துவிட்டது. அவர் பட்டறைக்குத் திரும்பி, திருகைத் தளர்த்தச் சொன்னார். மறுபடி ஒரு சுற்று. மறுபடி அதே பள்ளத்தில் பாட்டு நின்றது.

“பின்னாடி ஒரு பட்டையக் கழட்டிடுங்கண்ணே.”

மௌனிக்கு ஒரு நொடி உண்மையிலேயே பேச்சு வரவில்லை. “கழட்டினா மோட்டார் ஏத்துறப்ப வண்டி உக்காந்துடுமே. பொழப்பு என்ன ஆகுறது?”

“ரெண்டு நடையா கொண்டு போயிக்கிறேன்.”

மூன்றாவது சுற்றில் பாட்டு அறுபடவே இல்லை. பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே சீராக, முன்பைவிடச் சத்தமாகவே ஓடியது. பம்புக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. பெருமையுடன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மாமனாரின் கை முன்னாலிருந்த கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கண் மூடியிருந்தது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“நான் பாட்டக் கேக்குறேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா மாமா?”

“ரெண்டாவது சுத்துலயே தெரிஞ்சுது. நான் பாட்ட நிறுத்தினா நீங்க வண்டியத் திருப்புறீங்க.”

“வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்களேன்.”

“சொன்னா விட்டுட்டுப் போயிருவீங்களே” என்றார் மாமனார். குரல் சின்னப் பிள்ளையுடையதைப் போல இருந்தது. “உங்களச் சொல்லல. எல்லாரும் அப்படித்தான். வலிக்குதுன்னு சொன்ன நாள்லேருந்து, அப்பா வர வேண்டாம், அப்பா வீட்லயே இருக்கட்டும்னுதான் காதுல விழுது.”

அன்பு வைத்தவர்களுக்கும் இந்தத் தவறு நேர்ந்துவிடுகிறது. வலிக்கிறவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அவரைத் தனியே விட்டுவிடுகிறோம். பம்புக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“சரி, இப்படி வெச்சுக்கலாம் மாமா. நீங்க சொன்னா நான் நிறுத்துவேன். திருப்ப மாட்டேன். வலி அடங்கினதும் மேலதான் போறோம். இருட்டினாலும் போறோம்.”

“என் பொண்ணு?”

“அவளையும் பின்னாடி ஏத்திக்கலாம். பட்டை குறைச்சாச்சு, பாரம் இருந்தாத்தான் வண்டி நிதானமா போகும்.”

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். “இத அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் அந்த நேரம் வெளிய இருக்கேன்.”

அதற்குப் பிறகு மௌனியின் பாடுதான் திண்டாட்டமாயிற்று. பொய் சொல்லவேண்டிய தேவை போனதும் பெரியவருக்கு வாய் திறந்துகொண்டது. இடது பக்கம் குத்துகிறது என்றார். தளர்த்தினால், இது என்ன படகா என்றார். “இவரு வலிக்கலன்னு சொன்னப்ப எனக்கு வேலை சுலபமா இருந்துச்சு” என்றபடி மௌனி திருகைக் கால் சுற்று முறுக்கினார். சாயங்காலம் வெயில் தாழும்போது, மாமனார் நிதானமாக, “பள்ளத்துல லேசா வலிக்குது. தாங்கலாம். இது மெய்யாவே தாங்கலாம்” என்றார். பம்புக்காரர் அந்த வார்த்தையை நம்பினார்.

அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். கூடவே வருவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்த மனைவி தலையணைகளோடு பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் கணவரின் ஓட்டுதலைத் திருத்திக்கொண்டே வந்தாள். பாதி மலையில் மாமனார் கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்க மாப்பிள்ளை. வலிக்குது.”

நிறுத்தினார். மூவரும் இறங்கி மரநிழலில் நின்றார்கள். திரும்பிப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. மகள்கூடச் சொல்லவில்லை, தண்ணீரை நீட்டினாள். குடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்த பெரியவர் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்த வாரம் பூரா ரெண்டு ரெண்டு நடை ஓட்டியிருக்கீங்களே. உங்க உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன மாமா, ஒண்ணுமில்ல.”

மாமனார் விடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். பம்புக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தோள்பட்டை கொஞ்சம் பிடிச்சிருக்கு” என்றார்.

“திரும்பி நில்லுங்க” என்று சொல்லி, மாமனார் கைத்தடியை மகளிடம் கொடுத்தார்.