மருந்துக் கொட்டடி வைத்தியர்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர்கள் பீரங்கிக்கு மருந்து செய்தார்கள். அதற்கான வெடியுப்பைக் கொப்பரையில் காய்ச்சிக் கிளறுகிறவர் செங்கல்வராயன். கோட்டைக்குள் நடப்பது மீனவர் குப்பத்துக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு பெண்பிள்ளை, "மருந்துக் கொட்டடியிலயா வேலை? என் பல்லு வலிக்கு இன்னா குடுப்பீங்க?" என்று கேட்டாள். அவர் மறுக்கவில்லை, மறுக்கக் கொஞ்சம் அடக்கம் வேண்டும். அடுத்த வாரமே துரை கழித்துப்போட்ட தொப்பி ஒன்று அவர் தலையில் ஏறியது. ஊர் அவரை வைத்தியர் என்றது.

முனியம்மாவின் புருஷன் அங்கமுத்துவுக்குக் கால் வீங்கிச் சிறுநீர் குறைந்தபோது, வைத்தியர் வெள்ளை உப்பு ஒன்றை நீரில் கரைத்துக் கொடுத்தார். முகத்துவாரத்தை வெட்டிவிட்டாற்போல நீர் போயிற்று. குப்பமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. வைத்தியர் அளவை ஏற்றினார். கூடவே வேளைக்கு இரண்டு இளநீர்.

ஐந்தாம் நாள் நீர் அடியோடு நின்றது. அங்கமுத்துவின் கைகால் நனைந்த வலைபோலத் தொய்ந்தது. முனியம்மா உட்காரவில்லை. வாசலுக்குப் போவாள், திரும்புவாள், அவன் நெஞ்சில் காதை வைப்பாள். இரண்டு அடி அடித்தது; மூன்றாவதைக் காணோம். எழுந்து மறுபடி வாசலுக்கு.

உச்சிவேளையில் வைத்தியர் வந்தார்.

"நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது வைத்தியரே. விரலக்கூடத் தூக்க முடியல."

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"ஒரு சொட்டு நீர் போவல."

"நீர் பிரிக்கிற குண்டிக்காயி ரெண்டும் ஓய்வெடுக்குது. இப்போ மூணு பங்கா குடுத்தா முழிச்சிக்கும். இது ஒல்லாந்து ரகசியம், உனக்குப் புரியாது. கிண்ணத்த எடு."

அவர் பொட்டலத்தை நீட்டினார். முனியம்மா வெடுக்கென்று இழுத்ததில் பொட்டலம் கிழிந்தது. உப்பு சிதறி அடுப்புத் தணலை நோக்கிப் பாய்ந்தது.

அது தணலைத் தொடுமுன்பே வைத்தியர் வாசலுக்கு வெளியே நின்றார். தொப்பி உள்ளேயே கிடந்தது. பிறகுதான் அடுப்பு 'சர்ர்'ரென்று சீறி, ஊதா நிறத்தில் பற்றி எரிந்தது.

முனியம்மா அடுப்பைப் பார்த்தாள். வெளியே நின்றவரைப் பார்த்தாள்.

"எரியும்னு உனக்கு எப்படிய்யா முன்னாடியே தெரிஞ்சுது?"

"அது... பழக்கம்."

"இன்னா மருந்துய்யா இது?"

"பீரங்கிக்குப் போடுறது," என்றார், குரல் இறங்கி. "மருந்து குடுன்னு கேட்டீங்க. எந்த மருந்துன்னு இந்தக் குப்பத்துல ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

அவள் விறகுக்கட்டையை எடுப்பதற்குள் அவர் கோட்டைப் பக்கம் பறந்தார்.

அன்றே உப்பை நிறுத்தினாள். அந்த ஆள் தந்ததெல்லாம் விஷம் என்று இளநீரையும் நிறுத்தினாள். சோற்றுக் கஞ்சி மட்டும் சொட்டுச் சொட்டாக. இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் நீர் பிரிந்தது, பழுப்பாக. கடைத்தெருவில் செங்கல்வராயன், "நோயை நெருப்பாவே வெளிய எடுத்தேன்" என்று சொல்லித் திரிவதாகச் சேதி வந்தது. அதைக் கேட்டுச் சிரிக்கவோ திட்டவோ அவளுக்கு நேரமில்லை. காது புருஷன் நெஞ்சில் இருந்தது. மூன்று அடி. நாலு. ஐந்து. ஒரு தடங்கல். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆறு.

தலைமேல் ஏதோ ஊர்ந்தது. அங்கமுத்துவின் கை அவள் தலையைத் தள்ளப் பார்த்தது.

"எடு புள்ள," என்றான். "கனக்குது."